கணுக்காலில் வலைக்கயிறு

ராயபுரம் கடற்கரையில் மீன் விற்கும் பெண்கள் எல்லாரும் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, வலைக்கயிற்றால் சுற்றிக் கட்டியிருப்பாள். சேலை விளிம்பு எப்போதும் மீன் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். ஒல்லியான உடம்பு, நெற்றியில் விழுந்து அடிபட்ட பழைய வடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் அந்தப் பக்கத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸ். காக்காய் வலிப்பு பேயும் இல்லை, சாபமும் இல்லை, மருந்துக்குக் கேட்கிற நோய்தான் என்று குப்பம் குப்பமாகச் சொல்லிக்கொண்டு போவேன். முதலில் நம்பியவள் அவள்தான். ஒருநாளும் தவறாமல் மாத்திரை விழுங்கினாள், வலிப்பும் நின்றது.

"வலிப்புதான் நின்னுபோச்சே, இன்னும் எதுக்கும்மா இந்தக் கயிறு?" என்று ஒருமுறை வியாபாரத்தின் நடுவில் கேட்டுவிட்டேன்.

அவள் முகம் கறுத்தது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"நடுரோட்ல வுழுந்து கெடந்தப்போ சீலை இடுப்புக்கு ஏறிகிச்சு நர்சம்மா. ஒருத்தன் இழுத்து வுடல. சுத்தி நின்னு பாத்தானுங்க. வலிப்பு பூட்ச்சு. பாத்தவனுங்க போவலியே. தோ, மீனு வாங்கினு கீறானுங்களே, அவனுங்கதான்."

எதிரே வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், விலைகூடக் கேட்காமல் எழுந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது.