அந்தோணி அண்ணன் பங்கு மொந்தை

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம். ராயபுரத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் கோயிலில் முழங்காலில் இருந்த நேரம். நான் கள்ளுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து, ஆண்டவருடைய சுரூபத்தைச் சுமந்துகொண்டு ஜனங்கள் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தார்கள். அன்றைக்கு மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம் வாசல்வரை வந்து, கடந்து போயிற்று. நான் கையிலிருந்த மொந்தையைக் கீழே வைக்கவில்லை. வைக்க என்னால் முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

சகோதர சகோதரிகளே, நான் தெருவில் விழுந்து கிடந்தவன் இல்லை. பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தவனும் இல்லை. விடியற்காலையில் கட்டுமரம் தள்ளும்போது என் கால் ஒருநாளும் தடுமாறியதில்லை. சாயங்காலம் இரண்டு மொந்தை கள், அவ்வளவுதான். மூன்றாவதை ஓசியில் கொடுத்தாலும் தொடமாட்டேன் என்று பெருமை வேறு பேசுவேன். அந்த இரண்டில் ஒன்று எனக்கு. இன்னொன்று செத்துப்போன அந்தோணி அண்ணனுக்கு.

அந்தோணி அண்ணன் என்னோடு ஒரே கட்டுமரத்தில் தொழில் செய்தவர். எம்டன் கப்பல் பட்டணத்தில் குண்டு போட்டதற்கு மறுவருஷம், ஐப்பசியில், எண்ணூர் முகத்துவாரத்துக்கு நேரே அலை எங்கள் மரத்தைப் புரட்டிப் போட்டது. நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவரை நீரோட்டம் இழுத்தது. “செபஸ்தி, கைய குடுடா” என்றார். நீட்டினேன். எட்டவில்லை. அப்புறம் அந்த இடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. உடலும் கரைக்கு வரவில்லை.

கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், கூடத் தொழில் செய்தவர்கள் கள்ளுக்கடையில் அவனுக்கும் ஒரு மொந்தை வாங்குவார்கள். இது எங்கள் மரத்துக்காரர்களுக்குள் வழக்கம். முதல் மடக்கை மணலில் ஊற்றிவிட்டு, மீதியை அவன் பேரைச் சொல்லிக் குடிப்போம். முப்பதாம் நாள் பூசையோடு அது முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. பொழுது சாய்ந்தால் அவர் குரல் கேட்டது. அவர் பங்கைக் குடித்தால் அடங்கியது. குடிக்காவிட்டால் தெருவில், வீட்டில், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால்கூட, “கைய குடுடா” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இப்படியே வருஷங்கள் போயின.

“நீ வூட்லதான் கீற. ஆனா ஆளு இங்க இல்லய்யா” என்று என் மனைவி பிலோமினா ஒருநாள் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவள் அழக்கூட இல்லை.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மறுநாள், கோயிலில் யாரும் இல்லாத சமயம் பார்த்து மாதா சுரூபத்தின் முன்னால் போய் நின்றேன். குடியை நிறுத்திவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நிறுத்தினால் அண்ணனை இரண்டாம் தடவையும் கைவிட்டதாகும் என்று பயம். “தாயே, என்னால் இதை விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு வழி காட்டு” என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்து வெளியே வரும்போது லூர்து அண்ணி என்னை நிறுத்தினாள். அந்தோணி அண்ணனின் மனைவி. வண்ணாரப்பேட்டையில் கூடை தூக்கி மீன் விற்றுப் பிள்ளையை வளர்த்தவள்.

“தம்பி, ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும். இத்தினி வருசமா மனசுக்குள்ளயே வெச்சிக்கினு கீறேன். கொழந்தைக்கு அம்மை போட்டுதே, அப்போ அவரு மாதாவுக்குப் பொருத்தனை வெச்சாரு. டிசம்பர் மாதா திருநாள்லேர்ந்து கள்ளையே தொடமாட்டேன்னு. ஒன்னாண்ட சொன்னா நீ கிண்டல் பண்ணுவேன்னு, யாரண்டயும் சொல்லாதேன்னாரு. கொழந்த பொழைச்சிக்கிச்சு. திருநாளுக்கு முன்னாடி அவரு பூட்டாரு.”

நான் நகரப் பார்த்தேன். அண்ணி விடவில்லை.

“ராத்திரி கனவுல வந்தாரு தம்பி. துணியெல்லாம் சொட்டச் சொட்ட வாசல்லயே நின்னுக்கினு கீறாரு. உள்ள வாங்கன்னா வரமாட்டேன்றாரு. அவரு பங்கு கள்ளத்தான் நீ குடிக்கிறியே. அவரு பொருத்தனையையும் நீயே எடுத்துக்கயேன்.”

நான் ஜெபித்தது அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. கேட்ட வழி வந்துவிட்டதே என்று பயந்துபோனேன். அவர் விட நினைத்ததையல்லவா நான் தினமும் அவர் பேரைச் சொல்லி மணலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலிலேயே மாதாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்ததும் ஆசை ஓடிவிட்டது என்று சொன்னால் பொய். அன்று சாயங்காலமே நாக்கு வறண்டது. குரல் வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில். கால் தானாகக் கடைப் பக்கம் நடந்தது. பாதி வழியில் நின்று, ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, மரித்தோருக்கான ஜெபத்தை உரக்கச் சொன்னேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். திரும்பி வீட்டுக்கு வந்தபோது பிலோமினா எனக்குத் தட்டு வைத்தாள். மறுநாளும் குரல் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே ஜெபத்தைச் சொன்னேன். குரல் நிற்கவில்லை. ஆனால் நான் கடைக்குப் போகவில்லை.

டிசம்பர் திருநாள் வந்தது. அண்ணியும், அம்மையில் பிழைத்து வளர்ந்துவிட்ட அவள் மகளும், நானும் பிலோமினாவும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஏற்றிப் பொருத்தனையைச் செலுத்தினோம். அன்று பொழுது சாய்ந்தது. கடல் இரைந்துகொண்டே இருந்தது. குரல் வரவில்லை. விளக்கு வைத்த பிறகும் வரவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அண்ணன் செத்து இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்காக அழுதேன்.

தாயே, உனக்கு ஸ்தோத்திரம்.

என்னைப் போல ‘அளவாகத்தானே’ என்று சொல்லிக்கொள்கிற சகோதரர்களே, அந்த அளவுக்கு அடியில் எதைப் புதைத்து வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மாதாவிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட பிறகு வருகிற பதில் உங்களைப் பயமுறுத்தலாம். என்னைப் பயமுறுத்தியது. ஆனாலும் கேளுங்கள்.