தோற்றவர் பேசிய இரங்கல்

பால் சொசைட்டி வரிசையில் நின்றபோதுதான் சேதி வந்தது. பால் அளக்கிறவர், "உங்ககூடப் படிச்ச பாவாயம்மா இன்னிக்கு வெடியக்காலைல போயிருச்சாமுங்க" என்றார். பாலைக் கேனோடு அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன்.

அவள் வீட்டு வாசலில் அதற்குள் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே 'அமைதியின் உருவம்' என்று போட்டிருப்பதாகப் படித்துச் சொன்னார்கள். எடுப்பதற்கு முன்பு பெரிய தோட்டத்துக்காரர் மைக்கைப் பிடித்தார். அவரும் பாவாயியும் நானும் ஒரே வகுப்பு. சின்ன வயதிலேயே குனிந்த தலை நிமிராத பிள்ளை, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாவு வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு. அதனால்தான் அவளை அறிந்த ஊரார் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத வராது; தம்பி மகள் எழுதுகிறாள்.

நிமிராத தலையா? மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் பள்ளிக்கூடத்தில் கிட்டிப்புள் ஆட அவளை மிஞ்ச ஆளில்லை. வேலங்குச்சியை அவளே வெட்டி, புள்ளின் இரண்டு முனையையும் சீவிக்கொண்டு வருவாள். தட்டி எழுப்பி அடித்தால் புள் கிணற்றைத் தாண்டி விழும். தோற்றவன் புள் விழுந்த இடத்திலிருந்து குழிவரைக்கும் மூச்சு விடாமல் கூவிக்கொண்டே ஓடிவர வேண்டும். மூச்சு அறுந்தால் அங்கிருந்து மறுபடியும் புள்ளை அடிப்பாள். தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கென்று தனிச் சட்டம் கிடையாது.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் தோற்றவர் இந்த மைக் பிடித்தவர்தான். மூன்று முறை மூச்சு அறுந்தது. நாங்கள் சிரித்தோம். தேம்பிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவருடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாத்தியார் எழுந்து நின்றார். பாவாயி எங்களை மிரட்டி ஆடவைத்தாள், ஓடாவிட்டால் அடிப்பேன் என்றாள் என்று ஆறு பயல்கள் சொன்னோம். ஆறில் ஒருவன் நான்.

அவள் அழவில்லை. வாத்தியாரை நேராகப் பார்த்து, "ஆடக் கூப்புட்டது நாந்தானுங்க. அடிக்கறேன்னு சொல்லலீங்க. தோத்தா ஓடோணுமுங்க, ஆரா இருந்தாலும்" என்றாள். வாத்தியார் அவள் குச்சியை முறித்து எறிந்து, இனிப் பள்ளிக்கூடம் வராதே என்றார். அவளுடைய அப்பனுக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை. அவரால் எதிர்த்துப் பேச முடியுமா? மறுநாள் காலையில் அவளும் அதே தோட்டத்தில் களை பிடுங்கினாள். படிப்பு அதோடு சரி. அடுத்த வருடம் நான் மாடு மேய்க்கப் போனேன். எனக்கும் எழுத்து ஒட்டவில்லை. ஆனால் என்னை யாரும் விரட்டவில்லை.

போன வருடம் ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். மனசு கேட்காமல், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாடா? நீ ஒருத்தன் நெசத்தச் சொல்லியிருந்தா நாலு எழுத்துப் படிச்சிருப்பேன். இப்ப வந்து எங்காதுல சொல்லி என்ன பண்ண? ஊருக்கல்லவா தெரியோணும்" என்றாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவளிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு பேச்சுதான். கருமாதியன்று எல்லோர் முன்னாலும் இதைத் தம்பி மகளையே படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆறு பேரில் ஒருவனாக நானும் எழுந்து நிற்பேன். அன்றைக்குத் தோட்டத்துக்காரருக்கு முன்வரிசையிலேயே நாற்காலி போட்டுவிடுங்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.