எட்டின் மடங்கு

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, எண்களைச் சரிபார்த்தது. 1996 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. கோட்டூர்புரம் வீட்டின் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர் தாள் மடிப்பு மடிப்பாக விரிந்திருந்தது. ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியின் முகவரிகள், பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்களில். நான் ஒவ்வொன்றின் கடைசி இலக்கத்தை மட்டும் வாசித்தேன். அம்மா பென்சிலால் குறித்தாள். 0 அல்லது 8 வந்தால் எட்டின் மடங்கு, சரி. வேறு எது வந்தாலும் கோளாறு அங்கேதான்.

நான்கு நாள் கழித்து, புதன்கிழமை காலை, அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். வயது ஐம்பத்திரண்டு.

பெயர் சூடாமணி. மயிலாப்பூரில் பிறந்தவள். பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டரில் அட்டையில் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பிறர் எழுதிய புரோகிராம்களை அடித்து அடித்தே தானும் எழுதக் கற்றாள். எண்பதுகளின் கடைசியில், கம்ப்யூட்டர் படிக்காத பேராசிரியர்களுக்காகச் சின்னதாக ஒரு மொழியே செய்தாள். பெயர் வைக்கவில்லை. எல்லோரும் 'சூடாமணி மேடம் லாங்குவேஜ்' என்றார்கள்.

அதை அதிகம் பயன்படுத்தியவர் கணிதத் துறை அக்பர் பாஷா சார். வீடு திருவல்லிக்கேணியில். ஆண்டுதோறும் ரம்ஜானுக்கு முன் சூரிய உதயம், அஸ்தமனம் கணக்கிட்டு, அதிலிருந்து விடியலுக்கு முன் நோன்பு தொடங்கும் நேரம், மாலையில் முடியும் நேரம் என்று அட்டவணை அச்சடித்துப் பள்ளிவாசல்களுக்குக் கொடுப்பார்.

இந்த வருடம் சென்டரில் பழைய பி.சி.க்களை எடுத்துவிட்டு வேறு பிராசஸர் கொண்ட மெஷின்களை வைத்தார்கள். பாஷா சாரின் அட்டவணை அந்தப் புதன்கிழமைக்குள் புது மெஷினில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவின் மொழி பழைய பி.சி.க்களோடு போய்விடும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

புரோகிராமுக்குள் தனி வேலை செய்யும் ஒரு துண்டை, அதாவது ஒரு ஃபங்ஷனை, அழைக்கும்போது அதற்குத் தரும் மதிப்புகளை எங்கே வைப்பது என்பது பிராசஸருக்குப் பிராசஸர் வேறு. பழையது எல்லாவற்றையும் ஸ்டாக்கில் எதிர்பார்த்தது. புதியது முதலில் வருபவற்றைத் தனக்குள்ளேயே இருக்கும் சின்ன இடங்களான ரெஜிஸ்டர்களில் கேட்டது, மீதியை மட்டும் ஸ்டாக்கில். கூடவே ஒரு பிடிவாதம்: ஸ்டாக் எப்போதும் எட்டின் மடங்கில் நிற்க வேண்டும். பழையது இதையெல்லாம் பார்த்ததே இல்லை. அம்மா இரண்டு மாதத்தில் மாற்றி எழுதினாள். அவளுடைய சோதனைகள் எல்லாம் ஓடின. பாஷா சாரின் புரோகிராம் மட்டும் பாதியில் செத்தது.

அந்தச் சனிக்கிழமை, முப்பதாவது வரியோ என்னவோ, நான் "நாலு" என்றேன். அம்மா பென்சிலை வைத்துவிட்டாள்.

"அட்சரேகையோட டிகிரி, மினிட் ரெண்டையும் நான் ஜோடியாவே கொடுத்துப் பழகிட்டேன்டீ. பாஷா சார் வருஷத்துல எத்தனாவது நாள்ங்கிற நம்பரைத் தனியாக் கொடுத்திருக்கார்."

முழு எண்ணுக்கு நான்கு பைட், பின்னத்துக்கு எட்டு. அம்மாவின் சோதனைகளில் முழு எண்கள் இரண்டிரண்டாகவே வந்ததால் கூட்டினால் எட்டாகிவிடும். தனியாக வந்த ஒன்று எல்லாவற்றையும் நான்கு தள்ளி வைத்துவிட்டது.

திங்கட்கிழமை, மதிப்புகளை வைத்த பிறகு நான்கு பைட் வெற்றிடம் சேர்த்தாள். புரோகிராம் சாகவில்லை. ஆனால் சென்னையில் சூரியன் ஒன்பது நாற்பதுக்கு உதித்தது. பாஷா சார் தாளை வாங்கிப் பார்த்தாராம்.

"இதையே அச்சடிச்சிடலாம் மேடம். எட்டு மணி வரைக்கும் சாப்பிடலாம்னு சொன்னா, பசங்க என்னைத் தோள்ல தூக்கி வச்சுப்பாங்க."

அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடைசியாக வைத்ததிலிருந்துதான் ஃபங்ஷன் படிக்கத் தொடங்கும், அதனால் வெற்றிடத்தையே மதிப்பாக எடுத்துக்கொண்டது; வெற்றிடம் முதலில் வர வேண்டும். அதற்கு, எதையும் வைப்பதற்கு முன்பே மொத்த அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் அப்படி மாற்றினாள். ரம்ஜான் முதல் நாள் உதயம் ஆறு முப்பத்து நான்கு என்று வந்தது. டைரக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சென்டரில் அம்மாவின் மொழி இருக்கிறது.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பாஷா சார் மனைவி சகினாவோடு வந்தார். கிளம்பும்போது சகினா தயங்கியபடி ஒன்று சொன்னார். அவருடைய தாய்வீடு வாணியம்பாடி. அங்கே சென்னை அட்டவணையையே வைத்து, குத்துமதிப்பாகச் சில நிமிடங்கள் கூட்டிக்கொள்கிறார்கள். அந்த ஊருக்கென்று தனியாக ஒன்று போட்டு, அந்தப் புதன்கிழமை மாலை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக அம்மா சொல்லியிருந்தாளாம்.

"பரவாயில்லை, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா," என்றார்.

ரம்ஜானுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. வாணியம்பாடி: அட்சரேகை 12.68, தீர்க்கரேகை 78.62. நான் வேலை பார்க்கும் தி. நகர் ஆபீசில் நாளைக்கு அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன். சென்டரில் ஓட்டி எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போக வேண்டும்.