ஷவர் துளைகளில் படிந்த உப்பு

எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், காடாம்புலியூரில் பலாப்பழ லோடு ஏற்றும்போது என் கணவர் லாரி மேலிருந்து விழுந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. இரண்டு தோளும் உடைந்தன. கட்டுப் போட்டும் எலும்பு சரியாகக் கூடவில்லை. சாப்பிடுவார், சட்டைப் பொத்தான் போடுவார். ஆனால் கை மார்புக்கு மேல் ஏறாது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது.

ஏழு மாதம் நான்தான் குளிப்பாட்டினேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் கிள்ளை ஊர் உப்பங்கழியில் நண்டு பிடித்தது, அவருடைய அத்தாவிடம் அடி வாங்கியது, எல்லாம் சொல்வார். என் கை தலையில் இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும்போது மட்டும் முகம் சுருங்கிவிடும். "பொண்டாட்டி குளிப்பாட்டி அனுப்புற ஆளு நான்" என்பார்.

இதை நான் கடிதத்தில் எழுத, சிங்கப்பூரில் இருந்த என் அண்ணன் விடுமுறைக்குக் கடலூரில் எங்கள் தாய்வீட்டுக்கு வந்தபோது ஒரு ஷவர் வாங்கி வந்தார். சிதம்பரத்தில் எங்கள் குளியலறைக் கூரைமேல் டிரம் ஏற்றி, குழாய் இறக்கி, ஷவரை மாட்டினார். தண்ணீர் திறக்கும் குழாய்த் திருகை இடுப்பு உயரத்தில் வைத்தார்.

"இனிமே யாரையும் கூப்புட வேணாம் மச்சான்" என்றார்.

அன்று என் கணவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் குளித்தார். கிணற்றிலிருந்து இறைத்து டிரம்மை நிரப்புவது என் வேலையானது. எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு நாள், காதோரம் சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"டிரம்ம நெரப்ப மறந்துட்டியா?"

"காலைலயே நெரப்பிட்டேங்க."

"அப்பறம் தண்ணி எங்க போச்சு?"

முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடும் உப்பு. ஷவர் முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஏறக்குறைய எல்லாத் துளைகளும் அடைத்திருந்தன. ஊக்கால் குத்தினேன், ஊக்கு ஒடிந்தது. கழற்றிப் புளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். வெளியே பளபளத்தது, துளை திறக்கவில்லை.

கடைத்தெருவில் கக்கூஸ் கழுவும் ஆசிட் வாங்கினேன். கடைக்காரர், "அஞ்சு நிமிஷத்துக்கு மேல உடாதீங்கம்மா, உலோகத்தையே தின்னுடும்" என்றார்.

பீங்கான் கிண்ணத்தில் ஷவரைப் போட்டு ஆசிட்டை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அந்தக் கிணற்றடியில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிஷம் தாண்டியது மட்டும் தெரியும். எடுத்தபோது மேற்பூச்சு உரிந்து செம்பு நிறம் தெரிந்தது. நடுவில் நான்கு துளைகள் ஒன்றாகி ஓட்டையாகியிருந்தன.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த ஓட்டை வழியாக ஒரே தாரையாகத் தண்ணீர் விழுந்தது. டிரம் சீக்கிரமே காலியானது. ஈரத்தோடு வந்து நின்றார்.

"நான் உன் கைய எதிர்பாத்தே கெடக்கணும், அதான?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறிக் கடலூர் போனேன். அண்ணன் எப்போதோ சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டிருந்தார். புது ஷவர் அங்கே எந்தக் கடையிலும் இல்லை. ஒரு தகரப் பட்டறையில், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியின் துளைத் தகட்டை வெட்டி, பழைய ஷவர் கழுத்தில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். துளைகள் பெரிசு. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் தண்ணீர் பரவலாக விழுந்தது.

அதிலும் உப்பு படியத்தான் செய்தது. வியாழக்கிழமைதோறும் கழற்றி, எலுமிச்சைச் சாறு தடவி, தென்னங்குச்சியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி விடுவேன். சில வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகொரு வியாழக்கிழமை நான் ஏறும்போது வந்து, முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆடுது பாரு. மெதுவா எறங்கு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கேட்டதை அவர் திரும்பக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.