எண்பதாம் படியில் வைத்த சொல்

முனிரத்தினம் பாவா போய்விட்டார் என்று கே.ஜி.கண்டிகை வண்டிக்காரன் வந்து சொன்னான். "பொய் சொல்லாதடா, போன வாரந்தான் மலை ஏறிகினு இருந்தாரு" என்று அதட்டினேன். அவன் கண் கலங்கிய பிறகே நம்பினேன்.

அவர் என் அக்காள் வீட்டுக்காரர். இங்கே துக்கத்துக்குக் கூடியிருப்பவர்களில், யுத்தம் முடிந்த வருஷம் மலைக்கோயில் வேலைக்குச் சிமெண்டு மூட்டை சுமந்த நமக்கெல்லாம் அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், மலைப்படிகளில் இங்கிலீஷ் படித்தார். முன்னால் ஏறுகிறவன் மூட்டையில் அச்சடித்ததைப் பின்னாலிருந்து படிப்பார். படிக்கு ஒரு சொல். எழுத்தைக் காட்டிக்கொடுத்தவன் நான். நான் படித்தது மூன்றாம் வகுப்புதான், ஆனால் வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்பார். ஒரு சொல் மறந்தாலும் பாவா மூட்டையோடு அடிவாரம் இறங்கி மறுபடி ஏறுவார். "சொல்லு மறந்தா காலு மேல போவாது, மச்சான்" என்பார்.

மூட்டைச் சொற்கள் தீர்ந்ததும், பட்டணத்து யாத்ரீகர்களின் சுமையைத் தூக்கி, கூலிக்குப் பதில் சொல் வாங்கினார். எண்பதாம் படியில் மூச்சிரைத்து உட்கார்ந்த வக்கீல் ஒருவரை முதுகில் சுமந்து மேலே சேர்த்தார். (நான் ஒரே நேரத்தில் இரண்டு பேரைச் சுமந்திருக்கிறேன்; அது இருக்கட்டும்.)

"காசு வேணாங்க. 'மாட்டேன்'னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல என்னாங்க?"

"ரெஃப்யூஸ்" என்றார் வக்கீல். பாவா இறங்கிவந்து எண்பதாம் படியில் நின்று அதை மூன்று முறை சொன்னார்.

பிறகு நம் கோவிந்தன் மூட்டையோடு சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டான். மறுநாளே காண்டிராக்டரின் குமாஸ்தா இங்கிலீஷ் காகிதத்தோடு வந்தார்.

"பேர் லிஸ்ட்டுதாண்டா. எல்லாரும் கைநாட்டு வையுங்க."

பதினோரு பேர் கட்டைவிரலில் மை தொட்டாயிற்று. பாவா காகிதத்தை வாங்கினார்.

"தலைகீழா புடிச்சிகினு படிக்காதடா!" என்று குமாஸ்தா சிரித்தார்.

பாவா விரல் வைத்து மெள்ளப் படித்தார். "'லெக்'னு கீது. 'ப்ரோக்கன்'னு கீது. 'நாட் ரெஸ்பான்ஸிபிள்'னு கீது. காலு ஒடிஞ்சா நீங்க பொறுப்பு இல்லையா? பேர் லிஸ்ட்டுல காலுக்கு என்னா வேலைங்க?"

அடியில் 'ஐ ரெஃப்யூஸ்' என்று எழுதிக் கொடுத்தார். பதினோரு பேரும் மையை வேட்டியில் துடைத்தோம். குமாஸ்தாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். நானே போய்ப் பார்த்தேன்.

அன்றே எங்கள் எல்லாரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு சுமக்க வேறு ஆள் கிடைக்காமல், கைநாட்டு இல்லாமலே எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பாவாவை மட்டும் கூப்பிடவில்லை. அவர் கண்டிகையில் கழனி வேலைக்குப் போனார்.

"வருத்தமா பாவா?"

"எதுக்கு? உங்க காலுக்கு ஒருத்தன் பதில் சொல்லணும்ல?"

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல்லும் ஒரு கறையும். அந்த வேட்டி பெட்டியில் இருக்கிறது. மை போகவில்லை, போக நான் விடவுமில்லை. எவன் காகிதம் நீட்டினாலும் அதைக் கட்டிக்கொண்டுதான் போவேன்.