தகடு யார் முதுகில்?

விடுதி வேலைக்காரிகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வாயாடி. ஒரு நாளைக்குப் பதினாறு அறை. பதினாறிலும் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டே அடுத்த அறைக்குக் கேட்கும்படி கதையளப்பாள். வெளிநாட்டுக்கு வந்த இரண்டே வருடத்தில் அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வைக்காரியிடமே மல்லுக்கு நின்றவள். அப்பேர்ப்பட்டவள் அன்று காப்பீட்டு அலுவலகத்தின் நான்காம் ஜன்னல் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷனுக்குச் சாரம் கட்டுகிற வேலை. நான்கு மாதத்துக்கு முன் மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தவர் இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. ஊனத்தொகை கிடைத்தால் பிள்ளைகளோடு இங்கேயே காலம் தள்ளலாம். கிடைக்காவிட்டால், வேலையில்லாத வெளிநாட்டுக்காரன் மாதக் கடைசிக்குள் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இங்க பாருங்கம்மா," என்றாள் அதிகாரி. "எட்டு வருஷத்துக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கு. தகடு வெச்சிருக்காங்க. பழைய கோளாறுக்கு நாங்க எப்படிப் பணம் குடுக்கறது?"

கடிதத்தில் வந்த சேதிதான். அந்தத் தகடு யார் முதுகில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? அரை நாள் லீவு போட்டு அவளைக் கூட்டி வந்து, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் முதுகில்.

அண்ணன் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம். கிடங்கில் மூட்டை சரிந்து முதுகு போயிற்று. அவனிடம் மருத்துவக் கார்டு இல்லை. அவள் புருஷன் ஒரு வார்த்தை பேசாமல் தன் கார்டை எடுத்து நீட்டினார். அப்போது வெளிநாட்டு வேலையாட்கள் தங்கிய அறைக்கு அறை அதுதான் வழக்கம். மீசை வைத்த வெளிநாட்டுக்காரன் எல்லாரும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரே ஜாடை. அதுவும் ஒரு வசதியாய்ப் போயிற்று!

காலையில் புருஷன் படுத்தபடியே அவள் கையைப் பிடித்துச் சொன்னார். "மச்சான் பேர மட்டும் இழுத்துடாதே. பொண்டாட்டி பிள்ளைங்க வர்றதுக்கு இப்பத்தான் அவனுக்கு அனுமதி கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை டிக்கெட். இது தெரிஞ்சா எல்லாம் போச்சு." பணம் எதனால் நின்றிருக்கிறது என்று அண்ணனிடம் அவள் மூச்சு விடவில்லை.

"ஆபரேஷனே ஆகல மேடம். புது எக்ஸ்ரே பாருங்க, தகடு எங்க இருக்கு?"

அதிகாரி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இல்லைதான். அப்ப இந்தக் கார்டோட வந்து படுத்தது யாரு?"

சொன்னால் அண்ணன் குடும்பம் கெட்டது. சொல்லாவிட்டால் தன் குடும்பம். கடவுளே, இதென்ன சோதனை!

"தெரியாது மேடம்."

"யாருன்னு தெரியற வரைக்கும் அந்த ஆபரேஷன் உங்க வீட்டுக்காரர் கணக்குலதான். அப்ப கேஸை மூட வேண்டியதுதான்."

நாற்காலி நகர்ந்தது. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ போய் வண்டில உக்காருண்ணா!"

"ஏண்டி என்கிட்ட சொல்லலே?" என்றவன், அத்தனை பேர் முன்னாலும் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினான். முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. "படுத்தது நான்தான்."

அதிகாரி எழுந்தே விட்டாள். "உங்க சொந்தக் கார்டுல ஏன் வரலை?"

"எங்கிட்ட ஏது? உங்க ஊர்க்காரனுக்கு வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே கார்டு. எங்களுக்கு முழுசா ஒரு வருஷம் ஆகணும். சம்பளத்துல பிடிக்கிறதை மட்டும் முதல் மாசமே பிடிச்சுட்டீங்க. எனக்கு அடிபட்டது பதினோராவது மாசம்."

"அந்தச் சட்டம் இப்ப இல்லையே, மாத்திட்டாங்க," என்றாள் அதிகாரி, குரலைத் தணித்துக்கொண்டு.

"ரொம்ப சந்தோஷம்."

அதிகாரி ஒரு தாளை நீட்டினாள். அவன் வாக்குமூலத்துக்குக் குடும்பத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் ஊனத்தொகை நகரும். அவன்மேல் என்ன நடவடிக்கை என்பதை வேறு பிரிவு பார்த்துக்கொள்ளும்.

"மாட்டேண்ணா." அவளுக்கு அழுகை பீறிட்டது.

"போடுடி. கார்டைக் குடுக்கறப்ப மாப்பிள்ளை யோசிச்சாரா?" அவனே பேனாவை அவள் விரல்களுக்கு நடுவே வைத்தான்.

போட்டாள். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, போனோடு சுவர் ஓரமாக ஒதுங்கினான்.

"பெட்டி கட்டறதை நிறுத்திக்கோ," என்று அவன் அண்ணியிடம் சொல்வது அவளுக்குக் கேட்டது. "ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளாகும்."