வலப்பக்க ஜன்னல்

அட்டை கழன்ற ஆங்கிலப் பயணக் கையேடு ஒன்று என் அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. கண்டிக்கு ரயிலில் மலையேறி வருகிறவர்கள் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும், கடுகண்ணாவைச் சரிவின் அழகெல்லாம் அந்தப் பக்கம்தான் என்று அதில் அச்சாகியிருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், தமிழில், "இறங்கும்போது இடப்பக்கம் என்றும் எழுதியிருக்க வேண்டும்" என்று ஒரு குறிப்பு. எழுதியவர், அந்தச் சரிவுக்குக் கீழே நாங்கள் வேலை பார்த்த கந்தோரின் படவரைஞர். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு கடுகண்ணாவையில் அறை எடுத்திருந்தார். என் வீடும் அங்கேதான் என்பதால் தினமும் ஒரே ரயிலில் போய்வந்தோம்.

புத்தகம் என்றால் அவருக்கு ஓரம் வேண்டும். "சண்டை பிடிக்க ஏலாத புத்தகத்தை என்னத்துக்கு ஐசே வாசிக்கிறது?" என்பார். ரயில்பாதையின் சரித்திரத்தைச் சுரங்கம் சுரங்கமாகச் சரிபார்த்து வாசித்தார். பாதை வெட்டிச் செத்த கூலிகளுக்கு அதில் ஒற்றை வரிதான். அந்த வரிக்குப் பக்கத்தில் "இவர்களுக்குப் பெயர் இல்லையா?" என்று கேட்டிருந்தார். தினமும் பார்க்கிற இடத்தை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்க்கவைக்கிறது என்பதற்காகக் கையேட்டை அவருக்குப் பிடிக்கும். நான் நாவல் பைத்தியம். நாவலில்தான் ஒரு மனிதன் நெருக்கடியில் என்ன செய்வான் என்று தெரியும் என்று வாதாடுவேன். எந்த நாவலிலும் நான் நல்லவர்கள் பக்கமே நின்றிருக்கிறேன், படிக்கும்போது. அவர் புத்தகங்கள் எல்லாம் என்னிடமும் வரும். அவர் குறிப்புக்குக் கீழே நானும் பென்சிலால் மறுப்பு எழுதுவேன், அதற்குக் கீழே அவர். ஓரங்களில் இருந்த கையெழுத்தில் பாதி என்னுடையது.

கலவரம் தொடங்கிய அன்று கந்தோரை மத்தியானமே மூடிவிட்டார்கள். "எங்கட ஊட்டுக்கு வாங்க, அங்க யாரும் வரமாட்டாங்க" என்று நானே அழைத்தேன். நான் முஸ்லிம். அந்த நாட்களில் கலவரக்காரர்கள் தேடியது தமிழர்களை, எங்களை அல்ல. அவர் மனைவியின் கடிதங்களைக் கிழித்துப் போட்டார், திருநீற்றைக் கழுவினார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கையில் இங்கிலீஷ் புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது என்று கையேட்டை எடுத்துக்கொண்டார். அதன் ஓரமெல்லாம் தமிழ் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எழுதி எழுதி, அது எங்களுக்கு அச்சைப்போலவே ஆகிவிட்டிருந்தது.

கடுகண்ணாவைக்கு முந்திய சின்ன ஸ்டேஷனில் கலவரக்காரர்கள் ரயிலை நிறுத்தி ஏறினார்கள். அவர் சிங்களத்தில் பேசியதைக் கேட்டுத் திருப்திப்பட்டு நகர்ந்துவிட்டார்கள். கடைசியாக வந்த ஒருவன் மட்டும் சும்மா புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். ஓரத்துத் தமிழைக் காட்டி, இது யார் எழுதியது என்று கேட்டான். என்னுடையது என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் பெயரைக் கேட்டதும் போயிருப்பான். பாதிக்கு அது பொய்கூட இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தான் எழுதியது என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டு எழுந்து அவனோடு இறங்கிப் போனார். ரயில் புறப்பட்டபோது புத்தகம் என் காலடியில் கிடந்தது.

உயிர் தப்பினார். வலது கை மட்டும் பிறகு பென்சில் பிடிக்கவில்லை. ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் கழித்து மகளின் கையெழுத்தில் ஒரு தபாலட்டை போட்டிருந்தார்: "புத்தகம் உம்மட்டை இருக்கெண்டால் நீரே வைச்சிரும்." வேறு ஒன்றும் இல்லை. நான் பதில் போடவில்லை.

இன்றும் அந்த ரயிலில் வெளிநாட்டுக்காரர்கள் கையேட்டைப் பார்த்து வலப்பக்கத்துக்கு இடம் பிடிக்கிறார்கள். நான் வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். அவருடைய குறிப்பு அப்படியே இருக்கிறது. "மழை நாளில் எந்தப் பக்கமும் ஒன்றுதான்" என்று அதற்குக் கீழே நான் எழுதியிருந்தது இப்போது அங்கே இல்லை. கலவரத்தன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரப்பரை எடுத்து, பக்கம் பக்கமாக, என் கையெழுத்தை மட்டும் அழித்தேன்.